இடது ஓரத்தை வெட்டிய படம்

ஜூன் 4, ஞாயிறு

ஒளிக்கிடங்கு கம்பெனியிலிருந்து மறுபடியும் மின்னஞ்சல். சென்னையில் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். படம் எடுப்பவர்கள் தங்கள் படங்களை அவர்களிடம் ஏற்றி வைக்கலாம். விளம்பரக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் வேண்டியதை விலை கொடுத்து எடுத்துக்கொள்வார்கள். விற்றதில் நமக்கு ஒரு பங்கு. சிவகாசி காலண்டர் அச்சகங்களுக்கு நான் வருடக்கணக்காகச் செய்ததும் இதே வியாபாரம்தான். இப்போது கம்ப்யூட்டரில் நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இல்லை, இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. இவர்கள் பெயர் போடுகிறார்கள். படம் எங்கே அச்சானாலும் எடுத்தவர் பெயர் ஓரத்தில் வரும் என்று எழுதியிருக்கிறது. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் எடுத்த குற்றாலத்து அருவி முடிதிருத்தும் கடைகளிலும் வங்கிகளிலும் எத்தனை வருடம் தொங்கியது. ஒன்றிலும் என் பெயர் இல்லை. கேட்டதற்கு அச்சக முதலாளி சிரித்தார். "படத்துக்குக் கீழ ஜவுளிக்கடைக்காரன் பேரு வரணும் அண்ணாச்சி. உங்க பேரைப் போட்டா அவன் பணம் தருவானா?" அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

குடிதண்ணீர் வந்தது. நான்கு நாள் கழித்து வந்ததால் கலங்கலாக இருந்தது. என் மனைவி கோமு துணி கட்டிப் பிடித்து வைத்தாள்.

ஜூன் 6, செவ்வாய்

தாவூதின் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். என் முன்னாள் ஸ்டுடியோ இருந்த இடத்தில்தான் அவன் கடை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கேதான் அடிக்கிறார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். அவன் மவுஸை விட்டுவிட்டுத் திரும்பினான்.

"அண்ணாச்சி, புதுக் கம்பெனின்னா கொஞ்சம் யோசிக்கணும். நாளைக்கு அவன் கடையைச் சாத்திட்டா உங்க படமெல்லாம் யார் கையில இருக்கும்? வாங்குறவன் அதை எதுக்கு வேணும்னாலும் போட்டுக்கலாமா? அவன்ட்ட குடுத்ததை இன்னொருத்தன்ட்ட குடுக்கலாமா, கூடாதா? இதையெல்லாம் கேட்டுக்கிட்டீங்களா?"

"நீ ஊரான் படத்தையெல்லாம் ஓசியில எடுத்து ஃப்ளெக்ஸ் அடிக்கிற ஆளு. நீ எனக்குச் சட்டம் சொல்லுதியா?"

"அதான் சொல்லுதேன். எடுக்குறவனுக்குத்தான எப்படி எடுப்பான்னு தெரியும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் டீ குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 11, ஞாயிறு

ஒப்பந்தத்தை அகராதி வைத்துப் படித்தேன். எனக்கு ஆங்கிலமும் யாரும் சொல்லித் தரவில்லை, கேமராவும் சொல்லித் தரவில்லை. பஞ்சாலையில் எடை குறித்துக்கொண்டிருந்தபோது பழைய கேமரா ஒன்றை வாங்கி, அதோடு வந்த சிறு புத்தகத்தை ஒவ்வொரு சொல்லாகப் படித்துத்தான் இரண்டையும் கற்றேன். பக்கம் பக்கமாக இருந்தாலும் ஒப்பந்தத்தில் எனக்குப் புரியாதது எதுவும் இல்லை.

இரண்டு விதமாகச் சேரலாம். சாதாரணமாகச் சேர்ந்தால் அதே படத்தை வேறு இடத்திலும் விற்கலாம். தனியுரிமையாகச் சேர்ந்தால் அவர்களுக்கு மட்டும்தான். பங்கு அதிகம், பெயருக்குப் பக்கத்தில் முதன்மைப் படைப்பாளர் என்று ஒரு முத்திரையும் வரும். தனியுரிமையைத் தேர்ந்தெடுத்தேன்.

கடைசியில் ஒரு கேள்வி. ஆட்கள் உள்ள படங்களை நோய், வறுமை, குடும்பச் சிக்கல் போன்ற உணர்வுபூர்வமான விஷயங்களுக்குப் பயன்படுத்தச் சம்மதமா? இல்லை என்றால் வாங்குவோர் குறைவார்கள் என்றும் கீழே எழுதியிருந்தது. சம்மதம் என்று போட்டேன். படம் எடுப்பவன் உணர்வுக்குப் பயந்தால் அருவியையும் கோபுரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஜூன் 15, வியாழன்

படங்களைத் தேர்ந்தெடுக்கிறேன். கம்ப்யூட்டர் மெதுவாக வேலை செய்கிறது. நெல்லையப்பன் மதுரையில் புதிது வாங்கியபோது தூக்கிப் போட இருந்ததை இங்கே கொண்டு வந்து வைத்தான். மகன் அப்பாவுக்குக் கொடுத்தது என்று ஊர் சொல்கிறது. இருக்கட்டும்.

மதுரைக்கு நான் போய் இரண்டு வருடம் ஆகிறது. பேத்தி தாரிணியின் சடங்குக்குப் போனதுதான் கடைசி. வீட்டில் படம் எடுக்கத் தெரிந்த கிழவன் ஒருத்தன் இருக்கும்போது நெல்லையப்பன் சென்னையிலிருந்து ஆறு பேரை வரவழைத்தான். நான் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பேத்திக்குப் பக்கத்தில் நின்றேன். அதில் ஒருத்தன், தாடி வைத்தவன், "தாத்தா, ஃப்ரேம்ல வர்றீங்க, கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றான். நெல்லையப்பன் கேட்டுக்கொண்டுதான் நின்றான். நான் தள்ளிக்கொண்டேன். தள்ளியே இருக்கிறேன்.

இன்று எடுத்துவைத்ததில் கோமுவின் படம் ஒன்று உண்டு. தை மாதம் ஜன்னல் வழியாக எடுத்தது. வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் ஒரு பை. மாலை வெயில் இரும்பு கேட்டின் கம்பி நிழலை அவள் சேலை மேல் போட்டிருக்கிறது. முகம் தெருப்பக்கம். இதைவிட நல்ல படம் நான் எடுத்ததில்லை. இடது ஓரத்தில் ஒரு வெள்ளைக் காரின் பின்பக்கம் வந்து கெடுத்தது. வெட்டினேன். வெட்டியதும் படம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஜூன் 19, திங்கள்

ஆள் உள்ள படத்துக்கு அந்த ஆளின் கையெழுத்து வேண்டும். தாளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

"எதுக்கு?" என்றாள் கோமு.

"படத்துக்கு."

"எந்தப் படம்?"

"பழைய படம் ஒண்ணு."

"என் மூஞ்சியை யாரு வாங்கப் போறா?" ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் போட்டாள். கோமதி என்று முழுதாக எழுதத் தெரியும் அவளுக்கு. படிக்கவும் தெரியும். படிக்கவில்லை. நான் நீட்டிய எதையும் அவள் படித்துப் பார்த்ததில்லை.

மோட்டார் சத்தம் போடுகிறது. ஆளைக் கூப்பிட வேண்டும்.

ஜூன் 28, புதன்

ஏற்றி முடித்தேன். முதுகு விட்டுப்போயிற்று.

படங்களை ஏற்றுவது பெரிய வேலையில்லை, வார்த்தை கொடுப்பதுதான் வேலை. ஒவ்வொரு படத்துக்கும் குறிச்சொற்கள் தர வேண்டும். வாங்க வருபவர் ஒரு சொல்லைத் தட்டித் தேடும்போது, அந்தச் சொல் உள்ள படங்கள்தான் அவர் கண்ணில் படும். சொல் குறைந்தால் படம் கிடங்கிலேயே கிடக்கும். தமிழிலும் கொடுக்கலாம். கோபுரத்துக்கு என்ன கொடுப்பது? கோபுரம், கோயில், கல், புறா. அதற்கு மேல் ஓடவில்லை. சில படங்களுக்கு மட்டும் வார்த்தைகள் தானாக வந்தன, நிறுத்த முடியவில்லை. எண்ணிக்கை நிரம்பினால் போதும் என்று போட்டுக்கொண்டே போனேன்.

ஜூலை 1, சனி

ஏற்றுக்கொண்டார்கள். சு. வேலாயுதப்பெருமாள், முதன்மைப் படைப்பாளர்.

ஜூலை 9, ஞாயிறு

முதல் விற்பனை. கோமுவின் படம். யார் வாங்கினார்கள், எதற்கு என்று சொல்வதில்லை. ஊர் மட்டும் போட்டிருக்கிறது, மதுரை.

கோமுவிடம் சொன்னேன். "யாரு வாங்குனா?" என்றாள். தெரியாது என்றேன். "பேர் தெரியாதவன் வீட்டுல என் படமா" என்று சொல்லிவிட்டு மாவு கரைக்கப் போனாள்.

ஜூலை 20, வியாழன்

நெல்லையப்பன் அவளோடு ஃபோனில் பேசினான். என்னோடு பேசுவதில்லை, நானும் எடுப்பதில்லை. வீடு கட்டி முடித்துவிட்டானாம். ஆவணியில், ஆகஸ்ட் முப்பதாம் தேதி பால் காய்ச்சுகிறானாம். அடுப்பைப் பற்ற வைத்துப் பால் காய்ச்ச வேண்டியது அம்மாதான் என்று சொல்லிவிட்டான். வந்து முறையாக அழைப்பானாம்.

கோமு சாயங்காலம் வரை இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். புதுப் பானை இங்கேயிருந்து வாங்கிப் போக வேண்டும், கோவில்பட்டி மண்பானைதான் நிற்கும், மதுரையில் கிடைப்பது கசியும் என்றாள்.

"யாரு போறா?" என்றேன்.

பேச்சை நிறுத்திவிட்டாள். ஆனால் பானைக்காரி வந்தபோது வாசலுக்குப் போய் மூன்று பானைகளைத் தட்டிப் பார்த்து, ஒன்றை எடுத்து வைத்தாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஜூலை 24, திங்கள்

தாவூது வீடு தேடி வந்தான். செல்ஃபோனைக் காட்டினான். மதுரையில் ஒரு டவுன் பஸ்ஸின் முதுகு. முழுக்க கோமு. ஒரு முதியோர் இல்லத்தின் விளம்பரம். "பெற்ற பிள்ளை கைவிட்டாலும் நாங்கள் இருக்கிறோம்" என்று பெரிதாக எழுதியிருந்தது. கீழ் மூலையில் சின்னதாக: படம், சு. வேலாயுதப்பெருமாள்.

எழுதுவதில் என்ன வெட்கம், நான் முதலில் பார்த்தது அந்த மூலையைத்தான். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை.

"என்ன அண்ணாச்சி, பேரைப் பாக்குதீங்க? மேல எழுதியிருக்கிறதைப் பாருங்க" என்றான் தாவூது.

"விளம்பரம்னா அப்படித்தான் எழுதுவான்."

"மதுரையில நெல்லையப்பன் இருக்கான்லா. தினம் இந்த பஸ்ஸுக்குப் பின்னாடிதான ஆபீஸ் போவான்."

கோமு பின்னால் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. ஃபோனை வாங்கித் தூரமாகப் பிடித்துப் படித்தாள். வாய்விட்டுப் படித்தாள். படித்து முடித்ததும் தாவூதிடம் கொடுத்துவிட்டு, "காப்பி குடிச்சுட்டுப் போங்க தம்பி" என்றாள்.

ஜூலை 26, புதன்

காலையிலிருந்து ஃபோன் ஓயவில்லை. சங்கரன்கோவிலிலிருந்து அவள் தங்கை. "அக்கா, என்ன நடந்துச்சு? ஏன் எங்கள்ட்டச் சொல்லல? நாங்க இல்லையா?" மைத்துனர் மகன். பஞ்சாலையில் கூட இருந்த இருளப்பன். எல்லோருக்கும் ஒரே கேள்வி. நெல்லையப்பன் அம்மாவைத் துரத்திவிட்டானா? வேலாயுதப்பெருமாள் படம் போட்டு மானத்தை வாங்குகிறாரா?

கோமு ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள். "அதெல்லாம் இல்ல. நான் வீட்டுலதான் இருக்கேன். அது சும்மா விளம்பரம்." குரல் கம்மும்வரை சொன்னாள். பிறகு ஃபோனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டாள்.

மோட்டார் ஆள் வரவில்லை.

ஜூலை 29, சனி

நெல்லையப்பன் என் எண்ணுக்கே கூப்பிட்டான். இரண்டு வருடத்தில் முதல் தடவை. கோமு நின்றதால் எடுத்தேன். அவள் கையை நீட்டி ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"அப்பா, அந்தக் கம்பெனி வெப்சைட்டுல அம்மா படத்தைப் பாத்தேன். படத்துக்குக் கீழ வார்த்தை போட்டிருக்கு. படிக்கட்டுமா?"

அவன் படித்தான். அவசரமில்லாமல், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுவதுபோல.

"முதுமை. தாய். தனிமை. காத்திருப்பு. கண்ணீர். கைவிடப்பட்ட தாய். புறக்கணிப்பு. வாசல். பை." கடைசி வார்த்தையையும் படித்தான். "நன்றி கெட்ட மகன்."

எங்கோ பிரஷர் குக்கர் விசில் அடித்தது. அவன் வீட்டிலா, பக்கத்து வீட்டிலா தெரியவில்லை.

"படத்துல அம்மா மட்டுந்தானப்பா இருக்கா. நான் எங்க இருக்கேன்?"

"அது கம்பெனி போடுற வார்த்தை" என்றேன்.

"சரிப்பா. கம்பெனியே எடுத்துரட்டும். பால் காய்ச்சுக்கு முன்னால எடுத்துரச் சொல்லுங்க. சுபத்ரா வீட்டு ஆளுக எல்லாரும் வர்றாங்க. அம்மா அடுப்பைப் பத்த வைக்கும்போது, அந்த பஸ் அம்மாதானன்னு ஒருத்தன் கேட்டான்னா அம்மா என்ன செய்வா? எனக்காகச் சொல்லல."

வைத்துவிட்டான். சுபத்ரா என் மருமகள். அவள் ஆட்களுக்காகத்தான் இவ்வளவும் என்று கோமுவிடம் சொன்னேன். கோமு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனிக்காரனுக்கு நமக்கு மகன் இருக்குற விவரம் எப்படித் தெரியும்?" என்றாள்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

கம்பெனிக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது. தனியுரிமையாகக் கொடுத்த படத்தில் ஒன்றை மட்டும் எடுக்க முடியாது. முழுக் கணக்கையும் மூடலாம், அப்போது எல்லாப் படங்களும் பெயரும் நீங்கும், அதற்குத் தொண்ணூறு நாள். ஏற்கெனவே வாங்கியவர்கள் தாங்கள் வாங்கிய காலம் முடியும்வரை பயன்படுத்தலாம். ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். பார்த்தேன், இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் படித்திருந்தேன். வெளியேறுகிறவனுக்கான பக்கம் என்று நினைத்துத் தள்ளிவிட்டேன்.

ஒரு பஸ்ஸின் முதுகுக்காக எல்லாவற்றையும் மூட வேண்டுமாம். எழுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக என் பெயர் அச்சில் வந்திருக்கிறது. மூடப் போவதில்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

கோமு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"அந்தப் படம் என்னைக்கு எடுத்தது?"

"தை மாசம்."

"தை மாசம் எந்த நாளு?"

நினைவில்லை என்றேன்.

"எனக்கு நினைவிருக்கு. தாரிணிக்குப் பரீட்சை, பத்து நாள் வந்து கூட இருங்கம்மான்னு நெல்லையப்பன் கார் எடுத்துட்டு வந்த அன்னைக்கு. நான் பையெல்லாம் எடுத்து வச்சுட்டேன். நீங்க உள்ள உக்காந்துக்கிட்டே, போனா அங்கேயே இருந்துக்கோன்னு சொன்னீங்க. அவன் வாசல்ல நின்னு கேட்டுட்டு, வேண்டாம்மா, அப்பாவப் பாத்துக்கோங்கன்னு கிளம்புனான். நான் எந்திரிக்க முடியாம படியில உக்காந்தேன். கார் தெருமுக்கு திரும்பல, அதுக்குள்ள ஜன்னல்ல கேமராவோட நின்னிருக்கீங்க."

"வெளிச்சம் நல்லா இருந்தது."

"இருந்திருக்கும்." ஒரு கட்டு முடித்து அடுத்ததை எடுத்தாள். "கார் படத்துல விழுகலையா?"

"ஓரத்துல விழுந்தது. படத்தைக் கெடுத்துச்சு. வெட்டினேன்."

"அவனை வெட்டிட்டு, அவன் விட்டுட்டுப் போயிட்டான்னு எழுதியிருக்கீங்க."

படத்தில் எதை வைப்பது, எதை விடுவது என்பது எடுப்பவனின் உரிமை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கீரையை அலச எழுந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 12, சனி

நெல்லையப்பன் அழைக்க வரவில்லை. பத்திரிகை கூரியரில் வந்தது. அதில் என் பெயரையும் போட்டிருந்தான். இப்படிக்கு என்ற இடத்தில், பெற்றோர் என்று. தலைப்பெழுத்தை சு. என்பதற்குப் பதில் வே. என்று அச்சடித்திருக்கிறார்கள். அவன் தலைப்பெழுத்தை எனக்குப் போட்டுவிட்டார்கள்.

கோமுவிடம் காட்டினேன். "இதுதான் உங்க கண்ணுல பட்டுச்சா?" என்றாள்.

ஆகஸ்ட் 17, வியாழன்

இன்னும் இரண்டு விற்பனை. கோபுரம் ஒன்று. கோமு ஒன்று. ஊர் ஈரோடு.

அவளிடம் சொல்லவில்லை. பேச்சு குறைந்துவிட்டது. சாப்பாடு வைக்கிறாள், மாத்திரை எடுத்து வைக்கிறாள், சட்டையைத் தேய்த்து வைக்கிறாள். எதிலும் குறையில்லை. ஜன்னல் கதவை மட்டும் சாத்தி வைக்கிறாள். புழுக்கமாக இருக்கிறதே என்றேன். திறந்தாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் சாத்தியிருந்தது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

காலையில் குளித்து, பட்டுக்கரைச் சேலை கட்டி வந்து நின்றாள். மண்பானையைப் பழைய துண்டில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"மதுரைக்குப் போறேன்."

"காரு வருதா?"

"பஸ்ஸுல போறேன். அவன்ட்ட வரவேண்டாம்னு சொல்லிட்டேன். வந்தா நீங்க அவனை வாசல்ல நிக்க வைப்பீங்க."

"பால் காய்ச்சுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு."

"பத்து நாள் இருக்கணும்னுதான் தையிலயும் கிளம்புனேன்."

போனால் அங்கேயே இருந்துகொள் என்று நான் இந்தத் தடவை சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது உண்மை. அவள் அதற்காகவே நின்றதுபோல் தோன்றியது. பிறகு பேசினாள்.

"மாவு ரெண்டு நாளைக்கு வரும். ரத்த அழுத்த மாத்திரை காலையில வெள்ளை, ராத்திரி மஞ்சள். மாத்திப் போட்டுறாதீங்க. வார்த்தை கம்பெனி போட்டதுன்னு அவன்ட்ட சொல்லிருதேன். அவன் நம்ப மாட்டான். ஆனா சொல்லிருதேன்."

ஷேர் ஆட்டோவில் ஏறினாள். பானையை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே இருந்த ஒரு பெண் அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவள் காதில் ஏதோ சொன்னாள். கோமு நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் 23, புதன்

மோட்டார் ஆள் வந்தான். "அம்மா இல்லையா சார்?" இல்லை என்றேன். வேலை முடிந்து, கூலி வாங்கி, தயங்கி நின்று, "நானும் அந்த பஸ்ஸைப் பாத்தேன் சார்" என்றான்.

ஆகஸ்ட் 26, சனி

சோறு குழைந்துவிட்டது.

ஆகஸ்ட் 30, புதன்

மதுரைக்குப் போனேன். பால் காய்ச்சுவதற்கு அல்ல. அந்த முதியோர் இல்லத்தின் அலுவலகத்துக்கு. விளம்பரத்தை எடுக்கச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது என் கடமை.

மாட்டுத்தாவணியில் இறங்கி டவுன் பஸ்ஸுக்கு நின்றபோதே அந்த பஸ் வந்து என் முன்னால் நின்றது. கோமு ஆள் உயரத்துக்கு மேல் இருந்தாள். இவ்வளவு பெரிதாக்கியும் படம் உடையவில்லை. சேலையில் கம்பி நிழல் அப்படியே விழுந்திருந்தது. கீழ் மூலையைப் பார்த்தேன். புகைக்குழாய் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. மூலை முழுக்கக் கரி. பெயர் இருந்த இடம் தெரியவில்லை. கைக்குட்டையால் துடைக்கலாமா என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

அலுவலகம் ஒரு மாடியில். படி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தேன். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் தண்ணீர் கொடுத்தாள். நல்ல பெண். நான் வாய் திறப்பதற்குள் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கா சார்? ஒரு ஆளா, ரெண்டு ஆளா?"

"ஒரு ஆளுமில்லை. அந்தப் படத்தை எடுத்தவன் நான்."

அவள் எழுந்து நின்றேவிட்டாள். "நீங்களா சார்? அந்த அம்மாவைப் பாத்துட்டுதான் சார் பாதிப் பேர் கூப்பிடுறாங்க. போன வாரம் ஒருத்தர் வந்து, அவங்க பேர்ல ஒரு வருஷச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுறேன்னார். அவங்க எங்ககிட்ட இல்லன்னு சொன்னா நம்பவே மாட்டேங்கிறார். இப்ப எங்க சார் இருக்காங்க?"

"மகன் வீட்டுல. இன்னைக்கு அவன் புது வீட்டுல அவதான் பால் காய்ச்சுறா."

"மகன் வச்சுப் பாத்துக்கிறாரா?"

"பாத்துக்கிடுறான்." அதை நான் சொன்னேன். வேறு யாரும் சொல்ல அங்கே இல்லை.

"அப்ப யாரு சார் அவங்களை அப்படி உக்கார வச்சது?"

குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சுவரிலும் அதே படம் மாட்டியிருந்தது. விளம்பரத்தை எடுக்க வேண்டும் என்றேன். ஒரு வருடத்துக்கு வாங்கியிருக்கிறோம், மேலாளர் வந்ததும் சொல்கிறேன், எடுப்பார்களா தெரியாது என்றாள். நியாயமாகத்தான் சொன்னாள். ஒப்பந்தம் அவர்கள் பக்கம்.

படி இறங்கும்போது மேலிருந்து கேட்டாள். "பால் காய்ச்சுக்குப் போகலையா சார்?"

நெல்லையப்பனின் புது வீடு அங்கிருந்து இரண்டு நிறுத்தம். பத்திரிகையின் பின்பக்கம் வழி போட்டிருந்தது. பத்திரிகை சட்டைப் பையில் இருந்தது. அந்தப் பக்கம் போகும் பஸ் ஒன்று வந்தது, போனது. நான் கோவில்பட்டி பஸ் ஏறினேன். ஜன்னலோரம் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று சாத்தூர் வரை யோசித்தேன். சரியாக ஒன்றும் அமையவில்லை.

செப்டம்பர் 1, வெள்ளி

தாவூது வந்தான். நெல்லையப்பன் ஸ்டேட்டஸில் வைத்த பால் காய்ச்சுப் படங்களைத் தன் ஃபோனில் காட்டினான். வேண்டாம் என்றேன். மேஜையில் வைத்துவிட்டு, டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டான்.

சென்னைக்காரர்களைத்தான் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறான். கோமு அடுப்பு முன்னால் நிற்கிறாள். பால் பொங்கி வழிகிறது. தெளிவு பானையில் விழுந்திருக்கிறது, முகம் கொஞ்சம் மங்கல். ஜன்னல் வெளிச்சத்தில் சுவர் வெளுத்துவிட்டது. நான் எடுத்திருந்தால் ஜன்னலை மறைத்திருப்பேன்.

ஆனால் கோமு படம் எடுப்பவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். பல் தெரிய. பக்கத்தில் தாரிணி அவள் தோளில் தாடையை வைத்திருக்கிறாள். ஓரத்தில் நெல்லையப்பனின் பாதி உடம்பு. வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

என் வீட்டில் கோமுவின் படங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. தாவூது போன பிறகு எடுத்துப் பார்த்தேன். கோலம் போடுகிறாள், தண்ணீர் எடுக்கிறாள், தூங்குகிறாள், தெருவைப் பார்க்கிறாள். ஒன்றிலும் என்னைப் பார்க்கவில்லை. இயல்பாக இருக்க வேண்டும் என்று நான்தான் அவளுக்குத் தெரியாமல் எடுத்தேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

கணக்கை மூடினேன். யாரும் சொல்லி மூடவில்லை. யாரிடமும் சொல்லவும் போவதில்லை.

காரணம் எழுதாமல் மூட முடியாதாம். அவர்களே சில காரணங்கள் கொடுத்திருந்தார்கள்: பங்கு போதவில்லை, விற்பனை குறைவு, வேறு நிறுவனத்தில் சேர்கிறேன். எதுவும் பொருந்தவில்லை. பங்கு போதவில்லை என்றால் கூட்டித் தருகிறோம் என்று வந்து நிற்பார்கள். கடைசியில் ஒரு காலிக் கட்டம். காலையில் உட்கார்ந்தவன் வெயில் ஏறிய பிறகுதான் அதில் எழுதினேன்: படத்தில் இருப்பவர் இப்போது அங்கே உட்கார்ந்திருக்கவில்லை.

தொண்ணூறு நாள் ஆகும், அதுவரை விற்பனை நடக்கும் என்று பதில் வந்தது.